முட்டிக்கு ஈரச் சாக்கு

வேலையிடத்தில் அவருக்கு ரசமட்டம் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது, ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். தரைக்கு டைல்ஸ் போடுகிறவர். மட்டம் பார்க்கிற ரசமட்டக் கருவியே வேண்டாம், இவர் கண்ணே போதும் என்று தொழிலில் பேச்சு. கோபம் மூக்குக்கு மேல் நிற்கும். ஒரு மூலை ஒரே ஒரு நூல் அளவு ஏறியிருந்தாலும் போட்ட கல்லைப் பெயர்த்து வீசிவிட்டுத்தான் மறு வேலை. அதனாலேயே இவரைத் தேடி வந்தார்கள், அதனாலேயே இவரோடு யாரும் நிலைத்து வேலை செய்ததும் இல்லை.

நிலைத்தவள் பெண்சாதி ஒருத்திதான். அவளுக்குப் போக வேறு இடமா இருந்தது? இருபத்திரண்டு வருஷமாக அவர் முன்னால் முட்டி போட்டுக் கல்லைப் பதித்துக்கொண்டே போவார். அவள் பின்னாலேயே முட்டி போட்டு, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் உள்ள இடுக்கை அடைத்து, ஸ்பாஞ்சால் துடைத்துக்கொண்டே வருவாள். அவர் முட்டி பதிந்த ஒவ்வொரு கல்லிலும் அவள் முட்டியும் பதிந்திருக்கிறது. ஆனால் முட்டி வலி என்றால் அந்த வீட்டில் அவர் முட்டிதான். முதல் முதலில் "அம்மா" என்று கத்தியவர் அவர். முந்திக்கொண்டவருக்குத்தானே இடம்.

போன வருஷம் ஆரம்பித்தது. காலையில் எழுந்தால் பத்து நிமிஷம் காலை மடக்க முடியாது. படி இறங்கினால் உயிர் போகும். முட்டிக்குள் நறநறவென்று மணல் அரைபடுகிற சத்தம். அவர் எல்லாத் தைலத்தையும் தேய்த்துப் பார்த்தார், துணிப்பட்டை வாங்கி மாட்டிப் பார்த்தார், கூட வேலை செய்கிறவன் சொன்னான் என்று கண்ட இலையையும் அரைத்துக் கட்டிப் பார்த்தார். கடைசியில் இவள்தான் கையைப் பிடித்து இழுக்காத குறையாக எலும்பு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள்.

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். வெளியே இன்னும் நாற்பது பேர் காத்திருந்தார்கள். "மூட்டுத் தேய்மானம். முட்டி போட்டு வேலை செய்யக்கூடாது. எடையைக் குறைக்கணும். தொடைக்கு நல்லா பயிற்சி கொடுக்கணும், அதுதான் முக்கியம். பக்கத்துக் கட்டடத்துல பிசியோதெரபி இருக்கு, அங்க காட்டுங்க. ஆபரேஷன் பத்தியெல்லாம் இப்ப யோசிக்க வேண்டாம்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, பத்து நாளைக்கு மாத்திரையும் தடவ ஒரு களிம்பும் எழுதிக் கொடுத்தார். அவ்வளவு பேசினாரே, இவர் காதில் விழுந்தது தேய்மானம் என்கிற ஒரே ஒரு சொல். அதைப் பிடித்துக்கொண்டார் பாருங்கள், உடும்புப்பிடி!

பிசியோதெரபிக்கு எழுதிக் கொடுத்த சீட்டு சட்டைப் பையோடு துவைக்கப் போய்விட்டது.

"இங்க பாரு," என்றார் வீட்டுக்கு வந்ததும், கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு. "தரை எதனால தேயுது?"

"நடக்கிறதால."

"ஆள் நடமாட்டமே இல்லாத ரூமுல?"

"தேயாது."

"அப்ப நான் நடந்தா இது தேயும், நடக்கலைன்னா தேயாது. சரியா? அடுத்தது கேளு. புதுசா காங்கிரீட் போட்டா என்ன செய்யறோம்? மேல ஆளை ஏத்தாம, ஈரச் சாக்கைப் போட்டு, தண்ணி காயவிடாம வெச்சிருக்கோம். இருபத்தோரு நாளுல கல்லு மாதிரி இறுகிடுது. எலும்பும் சுண்ணாம்புதானே?"

வேறு யாராவது என்றால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பார்கள். இவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இருபத்திரண்டு வருஷம் ஈரச் சாக்கோடு குப்பை கொட்டியவள். காங்கிரீட் இறுகுவதைக் கண்ணால் பார்த்தவள், முட்டிக்குள் என்ன இருக்கிறது என்று யார் பார்த்தார்கள்? அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. உள்ளே போய் ஒரு சாக்கை உதறி, நனைத்துப் பிழிந்து, அவளே கொண்டுவந்து முட்டியைச் சுற்றிக் கட்டினாள்.

ஆக, ரசமட்டம் படுத்தார். இருபத்தோரு நாள் போதாது, வயசான எலும்பு, நாற்பது நாளாக்கு என்று அவரே நாளையும் கூட்டிக்கொண்டார்.

அந்த நாற்பது நாளும் அவள் பட்ட பாடு இருக்கிறதே! மெத்தை ஊறியது, கட்டில் கால் ஊறியது, வீடு முழுக்க ஈரச் சாக்கு நாற்றம். சாப்பாடு கட்டிலுக்கு, டீ கட்டிலுக்கு, கை கழுவத் தண்ணீர் கட்டிலுக்கு. கழிப்பறைக்கு மட்டும் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டுவார். நாத்தனார் பார்க்க வந்தாள். பழம் கொண்டுவந்தாள், கூடவே புத்தியும் கொண்டுவந்தாள். "அண்ணனை அசைய விட்டுடாதீங்க அண்ணி. பாவம், எத்தனை வருஷ உழைப்பு." அண்ணனுக்குத்தான் உழைப்பு. அண்ணி எல்லாம் சும்மா நின்று வேடிக்கை பார்த்தவள்! அவள் டீ போடப் போனாள்.

இதற்கு நடுவில் கையிலிருந்த வேலை ஒன்று பாதியில் கிடந்தது. மாணவிகள் விடுதி, மூன்று மாடி, பதினெட்டு குளியலறை. ரசமட்டம் போடுகிறார் என்பதற்காகவே இன்ஜினியர் கொடுத்த வேலை. பிள்ளைகள் வந்து சேருவதற்கு ஒரு வாரம் முன்னால் முடித்துவிட வேண்டும், இல்லையென்றால் வேறு ஆட்களை இறக்கிவிடுவேன் என்று முதலிலேயே சொல்லியிருந்தார். வேலை கை மாறினால் இதோடு போகாது. அடுத்த வேலைக்கும் அந்த வேறு ஆட்களைத்தான் கூப்பிடுவார். ரசமட்டத்துக்கு முட்டி போய்விட்டது என்று நாலு பேர் வாயில் விழுந்துவிட்டால் அப்புறம் எவன் கதவைத் தட்டுவான்?

அதனால் அவள் ஒரு பொய் சொன்னாள். "அவர் விடியறதுக்குள்ள வந்து போட்டுட்டுப் போயிடறாரு சார். வெயில் ஏறினா முட்டி ஒத்துக்க மாட்டேங்குது." இன்ஜினியருக்கும் வேறு நாலு கட்டடம் இருந்தது, தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். வீட்டில் ரசமட்டத்திடமும் ஒரு பொய். "மிச்சம் இருந்த இடுக்கை அடைச்சுட்டு வந்தேன்."

கலவையைக் கலக்கினதும் அவள், கல்லை வெட்டினதும் அவள், போட்டதும் அவள், அடைத்ததும் அவள். கை தடுமாறவில்லை. இத்தனை வருஷம் பின்னாலேயே வந்தவளுக்கு முன்னால் என்ன நடந்தது என்று தெரியாதா? தடுமாறியது முட்டி. அவளுக்கும் ஒரு வருஷமாக அதே நறநற, அதே காலை நேரத்து விறைப்பு. இப்போது இரண்டு பேர் வேலை ஒருத்தி முட்டியில் ஏறியதும் அது வீங்கிக்கொண்டு நின்றது. மாடியிலிருந்து இறங்கும்போது சுவரைப் பிடித்து நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்குவாள். யாராவது எதிரே வந்தால் செருப்பைச் சரிசெய்கிற மாதிரி நின்றுவிடுவாள். அவருடைய களிம்பை எடுத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தடவிக்கொள்வாள்.

ஏன் சொல்லவில்லை என்றால், சொல்லி? அவர் முகம் தொங்கிப்போகும். வேலையே வேண்டாம், திருப்பிக் கொடுத்துவிடு என்பார். கோபத்தில் சொன்னாலும் சொன்னதைச் செய்கிற ஆள். அப்புறம் இரண்டு பேரும் இரண்டு கட்டிலில் படுத்துக்கொண்டு முகட்டைப் பார்க்க வேண்டியதுதான். அவர் எழுந்து வருகிறவரைக்கும் இந்த இரண்டு முட்டியும் தாங்கினால் போதும் என்று ஓட்டினாள். அவர் எழுவாரா என்பதுதான் தெரியவில்லை.

"எப்படி இருக்கு?" என்று தினமும் கேட்பாள்.

"இறுகுது, இறுகுது" என்பார் திருப்தியாக.

இறுகத்தான் செய்தது. நாற்பத்தோராம் நாள் காலையில் சாக்கை அவிழ்த்தார்கள். கால் கம்பு மாதிரி நின்றது, முழுசாக நீளவும் இல்லை, மடங்கவும் இல்லை. தொடை சூம்பிப்போய்த் தோல் தொங்கியது, வயிறு மட்டும் இரண்டு சுற்று பெருத்திருந்தது. எப்படியோ கழிப்பறைக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். எழ முடியவில்லை. அவள் இரண்டு கக்கத்திலும் கை கொடுத்துத் தூக்கினாள். பாதி தூக்கும்போது அவள் வலது முட்டி சட்டென்று மடங்கிவிட்டது. இரண்டு பேரும் ஈரத் தரையில் போய் உட்கார்ந்தார்கள்.

"பிடிக்கத் தெரியலை உனக்கு" என்றார் அவர்.

அவளுக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அழுகையும் வந்தது. "இறுகினது போதும். கிளம்புங்க" என்றாள். அந்தக் குரலை அவர் அதற்கு முன் கேட்டதில்லை. மறுபேச்சு பேசாமல் கிளம்பினார்.

பிசியோதெரபி பார்க்கிற பெண்ணுக்கு நாற்பது வயசு இருக்கும். கண்ணுக்குக் கீழே கருவளையம், காலையிலேயே களைத்த முகம். ஈரச் சாக்குக் கதையை முழுசாகக் கேட்டாள். சிரிக்கவில்லை. "இன்னொருத்தர் மெழுகுல ஊறவெச்சிட்டு வந்தாரு" என்றாள் சலிப்பாக.

"ஐயா, இது சிமென்ட் இல்ல. எலும்போட நுனியில வழவழன்னு குருத்தெலும்பு ஒண்ணு இருக்கு. அதுக்குள்ள ரத்தக்குழாய் கிடையாது. காலை மடக்கி நீட்டினாத்தான் அதுக்குச் சாப்பாடே போகும். நீங்க நாப்பது நாளு பட்டினி போட்டிருக்கீங்க."

"நடந்தா தேயுமே?"

"அளவா நடந்தா தேயாது. மூட்டைத் தாங்கறது எலும்பு மட்டுமில்ல, தொடைச் சதை. சதைக்கு பலம் போயிட்டா மொத்த பாரமும் மூட்டுலதான் விழும். தேஞ்சது தேஞ்சதுதான், அது திரும்பி வளராது, பொய் சொல்ல மாட்டேன். ஆனா சதையைத் தேத்தி, எடையைக் குறைச்சா வலி நல்லாவே குறையும். முட்டி போட்டு உட்கார்ற வேலையை மட்டும் விட்டுடணும். மூணு மாசம் விடாம செஞ்சா நீங்களே பார்ப்பீங்க."

சுருட்டின துண்டு ஒன்றை அவர் முட்டிக்குக் கீழே வைத்து அழுத்தச் சொன்னாள். ஐந்து எண்ணும்வரை அழுத்திப் பிடி, விடு. காலை நீட்டி ஒரு சாண் தூக்கு, பிடி, இறக்கு. பத்து தடவை. நாற்காலியில் உட்கார்ந்து எழு. "இவ்வளவுதானா?" என்று இளக்காரமாகக் கேட்டவருக்கு நாலாவது தடவையே வேர்த்து ஊற்றியது. கைத்தடியை வலிக்கிற காலுக்கு எதிர்க்கையில் பிடிக்க வேண்டும் என்றதும், "அதெப்படி?" என்று சண்டைக்குப் போனார். பிடித்து நாலு எட்டு நடந்து பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

அந்தப் பெண் பேசப் பேச இவள் சுவரோரம் உட்கார்ந்து ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். படி இறங்கினா வலிக்குமே? ஆமாம். காலையில விறைச்சுக்குமே? ஆமாம். கேள்வி அவருக்கு, பதில் இவள் மனசுக்குள். கிளம்பும்போது பெஞ்சில் கையை ஊன்றி எழுந்தாள். பிசியோதெரபிப் பெண் அதைப் பார்த்துவிட்டாள்.

"அக்கா, உங்களுக்கும் வலி இருக்கா?"

"எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றாள். அவர் அதற்குள் வாசலைத் தாண்டியிருந்தார்.

வீட்டில் அவர் கால் தூக்க, இவள் அடுப்படியிலிருந்தே எண்ணினாள். எண்ணாவிட்டால் ஆறையே பத்து என்பார். முதல் வாரம் திட்டிக்கொண்டே செய்தார். இரண்டாவது வாரம் கட்டிலைப் பிடிக்காமல் எழுந்தார். மூன்றாவது வாரம் தெரு முனைவரை நடந்துவிட்டு வந்து, என்னமோ மலை ஏறி வந்த மாதிரி பெருமையடித்துக்கொண்டார். அவளுக்குச் சந்தோஷம்தான், ஆனால் சந்தோஷப்படத் தெம்பில்லை. விடுதியில் பதினாறு குளியலறை முடிந்து இன்னும் இரண்டு பாக்கி இருந்தது. கெடு முடிய ஐந்து நாள். அந்த ஐந்து நாள் போனால் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம், படுத்துக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டே தினமும் சுவரைப் பிடித்து மாடி ஏறினாள்.

அன்றைக்கு மத்தியானம் கடைசி மாடியில் கலவை கலக்கிக்கொண்டிருக்கும்போது படிக்கட்டில் தடி தட்டுகிற சத்தம் கேட்டது. ஒரு படி, ஒரு மூச்சு, இன்னொரு படி. அவளுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஓடத்தான் முடியுமா என்ன.

ரசமட்டம் வாசலில் வந்து நின்றார். மூச்சு வாங்கியது. முகத்தில் மாடி ஏறிவிட்ட சிரிப்பு. அந்தச் சிரிப்போடு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இது யார் போட்டது?"

அவள் கலவையைக் கிளறிக்கொண்டே இருந்தாள்.

"கேட்கறேன்ல? நான் பாதியில விட்டது கீழ் மாடியில. இது எப்படி இங்க வந்துச்சு?"

"நான்தான் போட்டேன். எல்லாத்தையும். ரெண்டுதான் பாக்கி."

அவர் உள்ளே வந்தார். தடியை ஊன்றித் தரையைப் பார்த்தார். எதிர் அறைக்குப் போய்ப் பார்த்தார், அதற்கடுத்த அறைக்குப் போனார். தண்ணீர் போகிற வாட்டத்தைக் கண்ணாலேயே அளந்தார். மட்டத்தில் ஒரு நூல் பிசகில்லை. திரும்பி வந்தார். குரல் ஏறியது, பழைய ரசமட்டத்தின் குரல்.

"கல்லைச் சரியா போட்டுட்டு இடுக்கை இப்படியா அடைப்பாங்க? முன்னாடி பின்னாடி துடைக்க வேண்டியதைக் குறுக்கால துடைச்சு வெச்சிருக்கே. முட்டி போட்டுத் துடைக்கிறவ கை இப்படிப் போகாது. உட்கார்ந்தபடிக்கு நகர்ந்து நகர்ந்து துடைச்சிருக்கே. இதென்ன, சுவருல கை! சுவருல சிமென்ட் கையை வைக்காதேன்னு எத்தனை வருஷமா சொல்றேன்? இங்க பாரு, இங்க ஒண்ணு, நாலு கல்லு தள்ளி ஒண்ணு, அங்க..."

சுவரின் புது டைல்ஸ் மேல், இடுப்பு உயரத்துக்குக் கீழே, சாம்பல் நிறத்தில் காய்ந்துபோன உள்ளங்கைத் தடங்கள். வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றும் விரல் விரித்து, பாரத்தோடு அழுந்தின கை. அவர் விரல் நீட்டி எண்ணிக்கொண்டே வந்தவர் பாதியில் நின்றுவிட்டார். படுப்பதற்கு முன்னால் கடைசி ஆறு மாசம் அவரும் நாலு கல்லுக்கு ஒரு தடவை அப்படித்தான், சுவரை அழுத்தித்தான் எழுந்தார். யாரும் பார்க்காதபோது துடைத்துவிடுவார். இவளுக்குத் துடைக்கக் குனியத் தெம்பில்லை.

அவள் பக்கம் திரும்பினார்.

"எந்தக் காலு?" என்றார்.

"ரெண்டும்."

"எப்பலேர்ந்து?"

"உங்களுக்கு வந்தப்பவே."

"ஏன்டி சொல்லலை? நாப்பது நாளு... நான் அங்க... ஏன்டி?"

அவள் கையிலிருந்த கலவைக் கரண்டியைக் கீழே வைத்தாள். சண்டை போட நிறைய இருந்தது. நாத்தனார் பேசினது, கட்டில் கால், பிடிக்கத் தெரியலை என்றது எல்லாம் தொண்டைவரைக்கும் வந்தது. வந்து அங்கேயே நின்றுவிட்டது. அவ்வளவு களைப்பு.

"நீங்க படுத்துட்டீங்க," என்றாள். "ஒரு வீட்டுல ஒருத்தர்தானேங்க படுக்க முடியும்."

ரசமட்டத்துக்குப் பேச்சு வராத நாள் ஒன்று உண்டு என்று சொன்னால் தொழிலில் யாரும் நம்ப மாட்டார்கள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தார். பிறகு பையிலிருந்து போனை எடுத்து இன்ஜினியரைக் கூப்பிட்டார்.

"சார், ரெண்டு குளியலறை பாக்கி. கெடுவுக்குள்ள ஆகாது. வேற ஆளை விட்டு முடிச்சுக்கணும்னா முடிச்சுக்கோங்க."

அவள் பதறிப்போய்க் கையை நீட்டினாள். அவர் வேண்டாம் என்று தலையசைத்தார்.

போனுக்குள் இன்ஜினியர் ஏதோ கேட்டார்.

"நான் நல்லா இருக்கேன் சார். மாடி ஏறி வந்து இங்கதான் நிக்கறேன்," என்றார். "இதுவரைக்கும் முடிஞ்ச பதினாறுல நான் போட்டது மூணுதான். மிச்சமெல்லாம் என் வீட்டுக்காரி போட்டது. அவளுக்கு ரெண்டு முட்டியும் போயிடுச்சு. நாளைக்குக் காலையில டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும்."

அவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். அவள் சுவரில் முதுகைச் சாய்த்து, பட்டப்பகலில், வேலை நேரத்தில், இரண்டு காலையும் தரையில் நீட்டிப் போட்டாள். கலவை சட்டியில் காய்ந்துகொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே, சத்தமில்லாமல் அழ ஆரம்பித்தாள்.